தரை வேலையில் காசு குறைக்கச் சொல்லும் வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் பக்கம் மூன்று வருடமாகத் தனியாக டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிறீர்கள். இப்போது ஒரு பழைய வீட்டில் 600 சதுர அடி வேலை வந்திருக்கிறது. பழைய சிமென்ட் தரையை உடைக்காமல் மேலேயே போடு என்கிறார் வீட்டுக்காரர். டைல்ஸ் ஒட்டும் பசை வேண்டாம், சிமென்டைத் தண்ணீரில் கரைத்த சிமென்ட் பால் போதும் என்கிறார். இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டிப் போடச் சொல்கிறார். தை முதல் முகூர்த்தத்துக்குள் முடிய வேண்டும். பக்கத்து ஊர் ஆள் சதுர அடிக்கு 8 ரூபாய் குறைத்துக் கேட்பதாகவும் சொல்கிறார். ஒத்துக்கொண்டால் தரை நிற்காது, மறுத்தால் வேலை போய்விடும், என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. அவர் கேட்பதில் எது உண்மையிலேயே கெடுக்கும், எது கெடுக்காது என்பது ஒன்று. அதை அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பது இன்னொன்று. முதலாவது நமக்கே தெளிவாக இல்லாவிட்டால் இரண்டாவதில் வாய் குழறும். அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கும்பகோணத்தில் 27 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் மாமாவிடம் மொசைக் பாலிஷ் மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றும் சித்தாளாக ஆரம்பித்தேன். மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டா முழுக்க வேலை பார்த்திருக்கிறேன். தரையைப் பற்றி எனக்குத் தெரியும். அஸ்திவாரம் இறங்குவது, சுவரில் குறுக்கே விரிசல் ஓடுவது இதெல்லாம் என்ஜினியர் பார்க்க வேண்டியது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் நானே தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரை அழைத்து வந்து காட்டச் சொல்லிவிடுவேன்.

முதலில் ஒரு விஷயம். காசு குறைக்கச் சொல்பவரைக் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு பேச உட்காராதீர்கள். வீடு கட்டுவதில் தரை கடைசியில் வருகிறது. அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட், கதவு, பூச்சு என்று எல்லாவற்றிலும் கணக்கு மீறி, மீதி இருக்கிற பணத்தோடுதான் அவர் நம் முன்னால் நிற்கிறார். நம் பக்கத்தில் பணம் வருகிற நேரமும் அப்படி. சம்பா அறுப்பு முடிந்தால்தான் கையில் காசு. அதற்கு முன்னால் நகையை வைத்து வாங்கிய கடன், இல்லாவிட்டால் சிங்கப்பூரில் இருக்கிற தம்பி அனுப்பும் பணம். அந்தத் தம்பி வீடியோ காலில், அங்கே ஏதோ ஒரு கடையில் பார்த்த பளபளப்பைக் கேட்பார். இங்கே இருப்பவருக்கு அதைக் குறைந்த பணத்தில் காட்டியாக வேண்டும். இந்த நெருக்கடியைப் புரிந்துகொண்டு பேசினால் பாதிப் பேச்சுவார்த்தை சுலபமாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல நேரம் குறைக்கச் சொல்வது வீட்டுக்காரரே இல்லை, மொத்தக் காண்ட்ராக்ட் எடுத்த மேஸ்திரி. சதுர அடிக்கு இவ்வளவு என்று அவர் எப்போதோ பேசியிருப்பார். விலைவாசி ஏறி அவருக்குக் கையைக் கடிக்கிறது. அதைத் தரை வேலையில் ஈடுகட்டப் பார்க்கிறார். அப்படியானால் வேலை தொடங்குவதற்கு முன்பே, "அண்ணே, வீட்டுக்காரர் இருக்கும்போது ஒரு தடவை மூணு பேரும் உட்கார்ந்து பேசிடலாம்" என்று கேளுங்கள். அதை மேஸ்திரி தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தால் நான் அந்த வேலையைத் தொடுவதில்லை. பின்னால் அவரைப் பற்றி வீட்டுக்காரரிடம் போட்டுக் கொடுப்பதும் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். நம் பழைய டெல்டாவின் மண் பெரும்பாலும் களி. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் வயலில் கை நுழைகிற அளவு வெடிப்பு விடுகிறதே, அதே மண்தான் பல வீடுகளுக்கு அடியிலும் இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நிலத்தடி ஈரம் மேலே ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஏறும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண் உள்ள இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே வேலை செய்து பழகிய ஆள் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் அவருடைய ஊருக்கு அது சரியாக இருக்கலாம். வெண்ணாற்றங்கரைக் களியில் அதே பேச்சு எடுபடாது.

அதனால் இங்கே எனக்கு மிகவும் பயம் தரும் சிக்கனம் டைல்ஸுக்குக் கீழே நடப்பது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய களிமண்ணையே பேஸ்மட்டத்துக்குள், அதாவது தரைக்கு அடியில் சுவர்களுக்கு நடுவே, தள்ளி நிரப்புவது, அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்காமல் ஒரே மூச்சில் கொட்டுவது, 4 அங்குலம் போட வேண்டிய ஜல்லிக் கான்கிரீட்டை 2 அங்குலத்தில் முடிப்பது. இதில் எது நடந்திருந்தாலும் மேலே எவ்வளவு விலையுயர்ந்த டைல்ஸ் போட்டாலும் மூலை இறங்கும். புது வீடாக இருந்தால் நான் ஒரு கம்பியை எடுத்துக் குத்திப் பார்ப்பேன். கடற்கரைப் பக்கம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். கீழிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து ஜாயின்டில் வெள்ளையாகப் பூக்கும். கான்கிரீட்டுக்குக் கீழே கனமான பாலித்தீன் விரித்தால் அது வெகுவாகக் குறைகிறது.

மணலையும் இதோடு சொல்லிவிடுகிறேன். "நம்ம கொல்லையிலேயே மணல் கிடக்கு, அதை எடுத்துக்க" என்பார்கள். அதில் வண்டல் அதிகமாக இருக்கும், கலவை பிடிக்காது. அவர் மனம் கோணாமல் மறுக்க ஒரு வழி உண்டு. கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு அந்த மணலைப் போட்டு, முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அவர் வீட்டுத் திண்ணையிலேயே வையுங்கள். மணலுக்கு மேல் வண்டல் தனியாகப் படியும். அது மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டினால் அந்த மணல் ஆகாது. அவரே பார்த்துக்கொள்வார், நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

இப்போது ஒட்டி ஒட்டிப் போடுவது பற்றி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சூடு ஏறினால் டைல்ஸ் கொஞ்சம் நீளும். 20 அடி ஹாலில் 20 டிகிரி வெப்பம் கூடினால் அந்த வரிசை சுமார் 0.8 மில்லிமீட்டர் நீளும். கேட்டால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் சுவரோடு முட்டி இடைவெளியே இல்லாவிட்டால், அந்த நீளம் மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு 2 அடி டைல்ஸ் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டால், ஒரே ஒரு மில்லிமீட்டர் அதிக நீளம் நடுவில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் எழுப்பிவிடும். புதுக் கான்கிரீட் காயும்போது சுருங்குவதும் இதோடு சேரும். அதனால் டைல்ஸுக்கு நடுவில் 2 முதல் 3 மில்லிமீட்டரும், சுவரோரம் சுற்றிலும் 6 முதல் 8 மில்லிமீட்டரும் விடுங்கள். சுவரோர இடைவெளி, சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டைக்குள் மறைந்துவிடும். அதில் கலவையை அடைத்துவிடக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் எட்டாவது வருடத்தில், திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டு அம்மா ஜாயின்ட் கோடே தெரியக் கூடாது என்றார். கோட்டில் அழுக்குச் சேரும், தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கிறது என்றார். அவர் சொன்ன காரணம் நியாயமானது. நானும் ஒட்டிப் போட்டேன். இரண்டாவது வருடம் சித்திரையில் ஒரு நடுப்பகலில் பட்டாசு வெடித்தது போல் சத்தம் கேட்டு, ஹால் நடுவில் ஆறு டைல்ஸ் எழும்பி நின்றது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி. அன்று முதல் ஒட்டிப் போடுவதை விட்டுவிட்டேன். அந்த ஹாலை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அந்த அம்மாவின் கவலைக்குச் சரியான பதில் டைல்ஸ் நிறத்துக்குப் பொருந்துகிற எபாக்சி கிரவுட் (ஜாயின்டை அடைக்கும் பிசின் கலவை) என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. விலை கூட, ஆனால் கறை பிடிக்காது. நடமாட்டம் அதிகமுள்ள ஹாலுக்கும் சமையலறைக்கும் மட்டும் போட்டால்கூடப் போதும்.

அடுத்தது பசை. இப்போது போடும் விட்ரிஃபைடு டைல்ஸ், அதாவது கண்ணாடி போல இறுகச் சுட்ட டைல்ஸ், தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. 100 கிராமுக்கு அரை கிராம் தண்ணீர்தான் அதன் உச்சவரம்பு. சிமென்ட் பால் பிடிக்க வேண்டுமானால் டைல்ஸின் முதுகு கொஞ்சமாவது உறிஞ்ச வேண்டும். பழைய மாதிரி செராமிக் டைல்ஸ் நிறைய உறிஞ்சும். அதனால்தான் அதைத் தண்ணீரில் ஊற வைத்து சிமென்டிலேயே ஒட்டினோம், நின்றது. "எங்க அப்பா காலத்துல பசையா போட்டாங்க?" என்று கேட்பவருக்கு இதைச் சொல்லுங்கள். அப்பா காலத்து டைல்ஸ் வேறு, இது வேறு. உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் பழைய தரைக்கு மேல் போடுவதால் இது இன்னும் உறுதி. அங்கே சிமென்ட் பால் நிற்காது. ஆனால் புதுத் தரையில், ஒன்றரை இரண்டு அங்குலக் கலவை விரித்து, அது ஈரமாக இருக்கும்போதே 2 அடி டைல்ஸைத் தட்டி உட்கார வைக்கும் பழைய முறையில் கருத்து வேறுபாடு உண்டு. முதுகு முழுக்கக் கலவை பிடிக்கும்படி கவனமாகச் செய்த தரைகள் பதினைந்து வருடம் தாண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கிய தரைகள் இரண்டு மூன்று வருடத்தில் வெற்று ஒலி எழுப்புவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே தரைத்தளத்தில், சின்ன அளவு டைல்ஸில், கையில் பணமே இல்லாதவருக்குக் கலவை முறையை நான் மறுப்பதில்லை. 4 அடிக்கு 2 அடி டைல்ஸுக்கும், மாடிக்கும், குளியலறைச் சுவருக்கும் மறுக்கிறேன்.

குளியலறையில் பேரமே கிடையாது. வாட்டம் அடிக்குக் கால் அங்குலம், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி வைத்துப் பார்ப்பது. அவ்வளவுதான்.

முகூர்த்த நாள் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் நம் ஊரில் அதிகத் தரை கெடுவது அங்கேதான். மார்கழியில் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள், தை பிறந்ததும் எல்லாருக்கும் ஒரே அவசரம். முந்தின நாள் இரவு வரை டைல்ஸ் ஒட்டுவோம், விடியற்காலையில் பசுவையும் கன்றையும் உள்ளே ஓட்டி வருவார்கள். பசுவின் மொத்தக் கனமும் நாலு குளம்பில் இறங்குகிறது. 24 மணி நேரம்கூட ஆகாத தரை அதைத் தாங்காது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆறு மாதம் கழித்து மூலை உடையும். ஹோமத்துக்குச் செங்கல்லை நேராக டைல்ஸ் மேல் அடுக்குவதும் அப்படித்தான், சூட்டில் பட்டென்று வெடிக்கும். இதற்கு நான் செய்வது இது. ஹாலையும் பூஜை அறையையும் முதலில் முடித்து, விசேஷத்துக்கு ஐந்து நாள் முன்பே பூட்டிவிடுவேன். மற்ற அறைகள் முடியாமல் இருந்தாலும் பரவாயில்லை, விசேஷத்துக்குப் பிறகு வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். பசு வரும் வழியில் கோணிச் சாக்கை இரண்டு மடிப்பாக விரிக்கச் சொல்வேன். ஹோம குண்டத்துக்குக் கீழே நாலு அங்குல மணல். இதைப் புரோகிதரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது, அவர்கள் மறுப்பதே இல்லை. நாள் நெருக்கடியால் வரும் தவறான சிக்கனத்தில் பெரும்பகுதி இப்படி வேலை வரிசையை மாற்றினாலே தீர்ந்துவிடுகிறது.

இனி, எப்படிப் பேசுவது. "முடியாதுங்க" என்று தொடங்காதீர்கள். "எவ்வளவுக்குள்ள முடிக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். தொகை தெரிந்தால், எங்கே குறைக்கலாம் என்று நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். குறைக்க நிறைய இடம் இருக்கிறது. 4 அடி டைல்ஸுக்குப் பதில் 2 அடி எடுத்தால் டைல்ஸ் விலையும் கூலியும் இறங்கும். பார்டர், குறுக்குச் சாய்வு டிசைன் எல்லாம் வேண்டாம் என்றால் வெட்டுச் சேதம் குறையும். நேராகப் போட்டால் நூற்றுக்கு ஆறு ஏழு சேதாரம் போதும், சாய்வாகப் போட்டால் பத்தைத் தாண்டும். நெல் மூட்டை அடுக்கும் அறைக்கு டைல்ஸே வேண்டாம், நன்றாகத் தேய்த்த சிமென்ட் தரை மூட்டை இழுப்பதற்கு அதைவிட உத்தமம். ஒரு அறையை அடுத்த அறுப்புக்குத் தள்ளி வைக்கலாம். பழைய தரையைக் கொத்திவிடுவது, குப்பை அள்ளுவது, தண்ணீர் விடுவது எல்லாம் வீட்டாள்களே செய்தால் கூலியில் கழித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் நான் ஒரு தாளில் அவர் கண் முன்னாலேயே எழுதுவேன். கீழே ஒரு கோடு போட்டு, தொட முடியாதவை என்று கலவைக் கனம், பசை, இடைவெளி, ஆற விடும் நாட்கள் ஆகியவற்றை எழுதுவேன். கோட்டுக்கு மேலே நாலு விஷயத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்ததைப் பார்த்த பிறகு, கோட்டுக்குக் கீழே அவர் கை வைப்பது குறைவு.

வாயால் விளக்குவதைவிடக் கையில் கொடுப்பது மேல். பெயர்ந்து வந்த ஒரு பழைய டைல்ஸை என் வண்டியில் எப்போதும் வைத்திருக்கிறேன். அதன் முதுகில் ஐந்து சிமென்ட் உருண்டை மட்டும் ஒட்டியிருக்கும், மீதி இடம் சுத்தமாக இருக்கும். அதைக் கொடுத்து, ஒரு நாணயத்தால் தட்டிப் பார்க்கச் சொல்வேன். வீட்டில் இருக்கிற அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தினமும் அந்தத் தரையைத் துடைக்கப் போவது அவர்கள். வெளிநாட்டில் இருக்கிற தம்பி முடிவெடுப்பவர் என்றால் அவருக்கும் அதே தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

8 ரூபாய் குறைத்துக் கேட்கும் ஆளைப் பற்றி ஒரு சொல்கூடத் தவறாகப் பேசாதீர்கள். கணக்கை மட்டும் போடுங்கள். 600 சதுர அடிக்கு 8 ரூபாய் என்றால் 4,800 ரூபாய். டைல்ஸ் சதுர அடி 55 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 100 சதுர அடி எழும்பினாலே டைல்ஸுக்கு 5,500. அதற்கு மேல் உடைக்கும் கூலி, மறுபடி போடும் கூலி, பீரோவையும் கட்டிலையும் நகர்த்தும் பாடு. ஒட்டிய டைல்ஸ் முழுதாகத் திரும்ப வருவது அரிது. அதே ஷேடு கடையில் கிடைப்பது அதைவிட அரிது. டைல்ஸ் தயாராகும் குஜராத் மோர்பியிலிருந்து வரும் ஒவ்வொரு லோடுக்கும் பெட்டி மேல் ஷேடு நம்பர் மாறும். அதனால் கணக்குக்கு மேல் இரண்டு பெட்டி வாங்கிப் பரணில் வைக்கச் சொல்லுங்கள். இந்தச் செலவிலும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

சிலர், "நீங்க சொன்னபடி போடுறேன், ஆனா பொறுப்பு என்னோடது இல்லைன்னு எழுதிக் கொடுங்க" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு தவறான வேலையைச் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக்கும் பொருந்தும். அந்தக் கையெழுத்து எந்த அளவுக்கு நம்மைக் காப்பாற்றும் என்பது வழக்குக்கு வழக்கு மாறும், அதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ஊரில் அந்தத் தாளை யாரும் பார்க்கப் போவதில்லை. இன்னார் போட்ட தரை எழும்பிவிட்டது என்றுதான் பேசுவார்கள். எழுதுவதாக இருந்தால், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அவர் கோட்டுக்குக் கீழே கை வைத்தால் விட்டுவிடுங்கள். "ஐயா, இதை இப்படிப் போட்டா நிக்காதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சே உங்க காசை வாங்க மனசு வரலை" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். கோபமில்லாமல் சொன்னால் கதவு சாத்திக்கொள்ளாது. அப்படி விட்ட வேலைகளில் எல்லாமே திரும்பி வந்தது என்று சொன்னால் பொய். சில வந்தன, பல வரவில்லை. உங்களுக்கு மூன்று வருடம்தான் ஆகிறது, வீட்டில் உலை வைக்க வேண்டும், ஒரு வேலையை விடுவது எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். அந்த வருடங்களில் நான் சின்னச் சின்ன வேலைகளை, ஒரு குளியலறை, ஒரு திண்ணை என்று, இடைவெளி விழாமல் வைத்துக்கொண்டேன். அது இருந்ததால்தான் பெரிய வேலையில் முடியாது என்று சொல்லத் தைரியம் வந்தது.

உங்கள் பாபநாசம் வீட்டுக்கு வருகிறேன். உடைக்காமல் மேலேயே போடு என்று அவர் சொன்னது தவறில்லை, பழைய தரை கெட்டியாக இருந்தால் அது நல்ல சிக்கனம். அதை முதல் வார்த்தையாக அவரிடம் சொல்லுங்கள், உங்கள் மேல் நம்பிக்கை வரும். நாளைக்குப் போகும்போது ஒரு கட்டையும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போங்கள். தரை முழுக்கத் தட்டி, வெற்று ஒலி வரும் இடத்தையெல்லாம் அவர் பார்க்க வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களை மட்டும் உடைத்துப் புதுக் கலவை போட வேண்டும். மீதியைக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவிக் காய வைத்தால் போதும். சிவப்புக் காவித் தரை என்றால் கொத்து நெருக்கமாக இருக்க வேண்டும், அதன் வழவழப்பில் எதுவும் பிடிக்காது. அப்புறம் கதவுகளின் அடியை அளந்துகொள்ளுங்கள். டைல்ஸும் பசையும் சேர்ந்து 14 மில்லிமீட்டர் அளவுக்கு ஏறும். எத்தனை கதவை இழைக்க வேண்டும், வாசல்படி எவ்வளவு தாழும் என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பசை 20 கிலோ மூட்டைக்கு 45 சதுர அடி என்று வைத்தால் 14 மூட்டை, தரை மேடு பள்ளமாக இருந்தால் இன்னும் இரண்டு. 2 அடி டைல்ஸ் பெட்டிக்கு நாலு, 15.5 சதுர அடி. சேதாரம் சேர்த்து 42 பெட்டி, பரணுக்கு இரண்டு. வட்டம் எத்தனை வந்தது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், உடைப்புக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம்.